எங்கள் வீட்டில் மட்டும் ஒலிபரப்பான நாடகம்

போன மாதம் திருவள்ளூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு, வானொலி நாடகத்தின் வரலாற்றைப் பற்றி ஒருவர் பேசினார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். குதிரை ஓடுகிற சத்தத்துக்குக் கொட்டாங்கச்சியைத் தட்டியது, தீ எரிகிற சத்தத்துக்குக் காகிதத்தைக் கசக்கியது, ஒரே நடிகர் மாமனாராகவும் தபால்காரராகவும் குரலை மாற்றிப் பேசியது என்று சுவையாகச் சொன்னார். கடைசியில், "ஒரே நேரத்தில், ஊர் முழுக்க, எல்லோரும் ஒரே கதையைக் கேட்டார்கள். அதுதான் வானொலி நாடகத்தின் பெருமை" என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். ஆனால் எங்கள் வீட்டுச் சங்கதி எனக்குத் தெரியுமே! நாடகம் ஒன்றுதான். நான் கேட்ட கதை வேறு, எங்கள் நைனா கேட்ட கதை வேறு. எழுந்து நின்று அதைச் சொல்ல அங்கே கூச்சமாக இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நைனா என்றால் அப்பா. ஆந்திரா எல்லை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் பக்கம் நிறைய பேர் அப்படித்தான் கூப்பிடுவோம். திருப்பாச்சூர் அருகே யாருடைய வயலிலோ கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டுகிற ஒரு மில்லில் நைனாவுக்கு வேலை கிடைத்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். லைன் வீடு. நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாகக் கதவுகள், வீட்டுக்கு வீடு நடுவில் ஒரே செங்கல் கனத்தில் ஒரு சுவர். எங்கள் வீட்டில் தாளித்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள். டிவி எல்லாம் அந்த லைனுக்குள் அப்போது வரவில்லை, ரேடியோதான்.

நைனாவுக்கு உலைக்கு முன்னால் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பு வெளியே வரும்போது நீள இடுக்கியால் அதைப் பிடித்து உருளைக்குள் தள்ள வேண்டும். மில்லிலேயே சம்பளமும் அங்கேதான் அதிகம், அனலும் அங்கேதான் அதிகம். மில் இரைச்சலில் அவருடைய காதும் கொஞ்சம் மந்தமாகிப்போனது. அந்த வருஷம் கோடையில் நைனா உலை முன்னாலேயே மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு மாமாவும் அதே மில்தான். அவர்தான் கைத்தாங்கலாக அழைத்துவந்து பாயில் படுக்கவைத்தார். இனிமேல் உலைப் பக்கமே நிற்கக்கூடாது, யார்டில் கம்பி கட்டி அடுக்குகிற வேலைக்கு மாற்றிக்கொள், இல்லாவிட்டால் ஒருநாள் எழுந்திருக்க மாட்டாய் என்று டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார். நைனா கேட்கிற ஆளா?

"யார்டுக்குப் போனா பாதி சம்பளம் பூடும். மோர் குடிச்சா எல்லாம் சரியாப் பூடும். சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே உலைக்கு முன்னால் போய் நின்றார்.

அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு மாமாவின் மனைவியை நாங்கள் அத்தை என்போம். அந்த அத்தை ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். லைன் முனைக்கு வேன் வரும், சாயங்காலம் அதே வேன் கொண்டுவந்து விடும். அங்கே இன்னும் பெண்களை எடுக்கிறார்கள், மாசக் கடைசிக்குள் பெயர் கொடுத்தால் நான் சொல்லிச் சேர்த்துவிடுகிறேன் என்று அத்தை சொல்லியிருந்தாள். அம்மா வேலைக்குப் போனால் நைனா யார்டுக்குப் போகலாம். கணக்கு அவ்வளவுதான். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு போடும்போது அம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

"என் ஊட்டுப் பொம்பளைய வேலைக்கு அனுப்பிட்டு நான் குந்திக்கினு துன்னணுமா? நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றார் நைனா.

"செத்துடக் கூடாதுன்னுதாங்க கேக்கறேன்" என்றாள் அம்மா.

நைனா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அம்மா எடுக்கவில்லை. ஆனால் நைனா மில்லுக்குக் கிளம்பி சைக்கிளை எடுக்கும்போதெல்லாம், அவர் தெரு முனை திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நிற்பாள். எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மா காற்று வாங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நாடகம் ஆரம்பித்தது. வார நாட்களில் சாயங்காலம் நெல், பருப்பு விலை நிலவரம் சொல்லி முடித்ததும் வரும். பட்டணத்தில் ஒரு கிளார்க், அவன் மனைவி, ஒரு குழந்தை, இருமிக்கொண்டே இருக்கிற ஒரு மாமியார். நாடகம் என்றால் எனக்கு உயிர். எத்தனை கதை வந்தாலும், கதையில் யார் வீட்டுக்குப் போனாலும், 'கிரீச்'சென்று திறக்கிற கதவு மட்டும் ஒரே கதவுதான் என்பதை நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். பணக்காரன் வீட்டுக்கும் அதே கதவு, ஏழை வீட்டுக்கும் அதே கதவு. ரேடியோக்காரர்கள் பாவம், ஒரு கதவுதான் வைத்திருக்கிறார்கள் என்று பரிதாபமாக இருக்கும்.

முதல் வாரம் நைனாவுக்கு முதல் ஷிப்ட். சாயங்காலம் வீட்டில் இருந்தார். ரேடியோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காதை அதன் மேலேயே சாய்த்துக் கேட்டார். கதையில் அந்த மனைவி, குடும்பம் தடுமாறுகிறது, நான் ஓர் ஆபீசில் டைப் அடிக்கப் போகட்டுமா என்று கணவனைக் கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் வயலினை இழுத்துவிட்டு அந்த வாரத்தை முடித்துவிட்டார்கள்.

"பாத்தியாமே, இவளுக்கும் அதே பேஜாரு புடிச்சிருக்கு" என்று நைனா சிரித்தார். அம்மா தலை நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் நைனாவுக்கு இரண்டாவது ஷிப்ட். மதியம் போனால் ராத்திரிதான் வருவார், நாடகம் கேட்க முடியாது. அதற்கு எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டாவது ஷிப்டுக்குப் போன ஆள் மறுநாள் காலையில் நாஷ்டா சாப்பிட உட்காரும்போது, முந்தின நாள் நாடகத்தை வீட்டுப் பெண்கள் சொல்ல வேண்டும். இட்லிக்குச் சட்னி மாதிரி அதுவும் அந்த வீட்டுக்காரரின் உரிமை. காலையில் தண்ணீர்க் குழாய்க்குக் குடத்தோடு நடந்தால் வீட்டுக்கு வீடு நாடகம் நடந்துகொண்டிருக்கும். ஒரு வீட்டில் கதாநாயகி அழுவாள், அடுத்த வீட்டில் இருமல், அதற்கடுத்த வீட்டில் கதை தெரியாமல் ஒருத்தி திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள்.

எங்கள் அம்மா இதில் கெட்டிக்காரி. மழை என்றால் முறத்தில் அரிசியைச் சலசலவென்று புரட்டுவாள். கதவு என்றால் இட்லிப் பானை மூடியைத் தரையில் வைத்துத் தேய்ப்பாள், ரேடியோக் கதவைவிட நன்றாக இருக்கும். மாமியார் இருமலை அவள் இருமினால் நைனாவுக்குப் புரை ஏறும். நான் முந்தின நாளே கேட்ட கதைதான் என்றாலும், அம்மா சொல்லும்போது இன்னொரு தடவை கேட்பேன். அவள் என் பின்னால் உட்கார்ந்து எனக்குச் சடை பின்னிக்கொண்டே சொல்லுவாள், எதிரில் நைனா சாப்பிடுவார்.

அந்தத் திங்கட்கிழமை ரேடியோவில் அந்த மனைவி வேலைக்குப் போனாள். போன முதல் நாளே பால் பொங்கி அடுப்பு அணைந்தது. குழந்தை பள்ளிக்கூட வாசலில் யாரும் வராமல் அழுதுகொண்டு நின்றது. மாமியாருக்கு நெஞ்சுவலி. கணவன் ஹோட்டலில் காய்ந்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் பெருமூச்சு விட்டான். எழுதினவருக்கு அவள் மேல் என்ன கோபமோ, ஒரே நாளில் இத்தனையையும் அவள் தலையில் போட்டார். அம்மா ரேடியோவையே வெறித்துப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் திருகி நிறுத்தினாள்.

மறுநாள் காலையில் நைனா இட்லியைப் பிட்டுக்கொண்டே, "இன்னாமே, நேத்து இன்னா ஆச்சு? போனாளா அவ?" என்று கேட்டார்.

"போனா" என்றாள் அம்மா. "காலைல எழுந்து சோறு, கொழம்பு எல்லாம் ஆக்கி வச்சுட்டு, புள்ளைக்குத் தலை சீவி உட்டுட்டுப் போனா. சாங்காலம் வந்துட்டா."

"புள்ள?"

"பக்கத்து ஊட்ல வெளையாடிக்கினு இருந்துச்சு. அவளப் பாத்ததும் ஓடியாந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு அழகான அழுகை அது! பள்ளிக்கூட வாசலில், சைக்கிள் மணிச் சத்தத்துக்கு நடுவில் அந்தக் குழந்தை 'அம்மா, அம்மா' என்று அழுததை இவள் எப்படி விடலாம்?

"இல்ல நைனா, அந்தப் பாப்பா..." என்று வாயைத் திறந்தேன்.

சடை சுரீர் என்று இழுபட்டது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"தல ஆடாம குந்து. கோணையாப் பூடும்" என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். ரேடியோவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா சொன்ன கதையில் குழந்தை கணக்கில் நல்ல மார்க் வாங்கியது. ரேடியோவில் மேனேஜர் அவளைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தான். அம்மாவின் மேனேஜர் வயசானவர், எல்லோரையும் வாம்மா போம்மா என்று மரியாதையாகப் பேசுகிறவர். ரேடியோவில் கணவன் வெறுத்துப் போய்த் தாடி வளர்த்தான் என்று மாமியார் அழுதாள். அம்மாவின் கணவன் ஒருநாள் அவள் வருவதற்குள் தானே சோறு வடித்து வைத்தான். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் சடைக்கு ஒரு இழுப்பு. அந்த வாரம் என் சடை மாதிரி இறுக்கமான சடை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் இல்லை.

நைனாவுக்கு அந்தச் சோறு விஷயம் மட்டும் செரிக்கவில்லை.

"அந்த ஆளு சோறு ஆக்கினானா? மெய்யாலுமா? ஆக்கத் தெரியுமா அவனுக்கு?"

"தெரியாதுதான். கொழைச்சிட்டான். அவளும் ஒண்ணும் சொல்லாம துன்னா."

"அக்கம்பக்கத்துல சிரிக்க மாட்டாங்க?"

"சிரிச்சாங்க. அப்பால மறந்துட்டாங்க."

நைனா கொஞ்ச நேரம் இட்லியைச் சட்னியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் நைனாவுக்கு நைட் ஷிப்ட். அங்கேதான் சிக்கல். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார், நாடக நேரத்துக்கு வீட்டில் இருப்பார். ரேடியோவில் அந்தப் பெண் சீரழிந்துகொண்டிருந்தாள், எங்கள் வீட்டில் அவள் சந்தோஷமாக இருந்தாள். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? ஞாயிற்றுக்கிழமை நைனா தூங்கும்போது அம்மா ரேடியோவின் முதுகைத் திறந்து பேட்டரிக் கட்டைகளை எடுத்துத் கொத்தமல்லி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்து விரலை வாயில் வைத்தாள். நானும் வைத்துக்கொண்டேன். விஷயம் என்னவென்று தெரியாவிட்டாலும் அம்மா என்னோடு ரகசியம் வைத்துக்கொண்டது பெருமையாக இருந்தது.

"பேட்டரி தீந்துபூட்ச்சுங்க. மாசக் கடைசி, ஒண்ணாந்தேதி வாங்கிக்கலாம். நான் பக்கத்து ஊட்ல போய்க் கேட்டுக்கினு வந்து சொல்றேன்" என்றாள் நைனாவிடம். அப்படியே சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் ரேடியோ அலறியது. ஆனால் நைனா காதுக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டிருக்கும். காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து அவர் நாஷ்டாவுக்கு உட்காரும்போது அம்மா கதையை ஆரம்பிப்பாள்.

இதில் அம்மா ஒன்றை மறந்துவிட்டாள். மில் கேட்டுக்கு எதிரில் டீக்கடை இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களும் அங்கேதான் சந்தித்துக்கொள்வார்கள். அந்த வாரம் பக்கத்து வீட்டு மாமாவுக்கு முதல் ஷிப்ட். தினமும் சாயங்காலம் வீட்டில் இருந்து நிஜ நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

செவ்வாய்க்கிழமை காலை டீக்கடையில் நடந்ததை அன்று சாயங்காலமே அந்த மாமாவின் மகள்தான் எனக்குச் சொன்னாள். என் வகுப்புத்தான், இரண்டு பேரும் சேர்ந்துதான் பள்ளிக்கூடம் போவோம்.

"உங்க நைனா எங்கப்பாகிட்ட சண்ட போட்டாராமே?" என்றாள்.

மாமா டீயை ஆற்றிக்கொண்டே, பாவம் அந்தப் பொம்பளை படாத பாடு படுகிறாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். நைனா, காய்ச்சலா, அது கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறது, உனக்குக் கதையே தெரியவில்லை என்றிருக்கிறார். அவள் புருஷன் தாடி வளர்க்கிறான் என்று மாமா சொல்ல, தாடியாவது, அவன் சோறு வடிக்கிறான் என்று நைனா சொல்லியிருக்கிறார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் மாமா பக்கம். 'சோறு வடிக்கிறானாம்' என்று விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். "உனுக்கு யாருப்பா இந்தக் கதைய சொன்னது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நைனா டீ கிளாசைக் கீழே வைத்தாராம். அப்புறம் மாமாவைப் பார்த்து, "ஒங்க ஊட்டு ரேடியோ வேற ஸ்டேஷன் எடுக்குது போல. என்னுதுல நல்லாத்தான் வருது" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம்.

அம்மா மாட்டிக்கொண்டாள். இனிமேல் நைனா கத்துவார், தட்டு பறக்கும். அம்மாவிடம் சொல்லப் போனேன், சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்த இரண்டு வாரத்தில் அம்மாவின் கதை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. ரேடியோவில் அந்தப் பாப்பா அழுதுகொண்டே இருந்தது. அம்மாவின் பாப்பா மார்க் வாங்கியது, விளையாடியது, அதன் அம்மா பொழுதோடு வீட்டுக்கு வந்தாள். சொன்னால் அந்தக் கதை நின்றுபோய்விடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை நைனா வந்தார். குளித்தார், உட்கார்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாவகாசமாக, "அப்பால இன்னா ஆச்சுமே அந்தக் கதைல?" என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். இவ்வளவு பெரிய சண்டையை ஒரே நாளில் மறந்துவிட்டாரே, பாவம், நைட் ஷிப்டில் மூளை குழம்பிவிட்டது போல என்று நினைத்தேன்.

அம்மா ஆரம்பித்தாள். அந்த மனைவிக்கு ஆபீசில் நல்ல பெயர் என்றாள். நைனா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த வேன்ல பொம்பளைங்க மட்டும்தானா, ஆம்பளைங்களும் வராங்களா?" என்று கேட்டார்.

வேனா? ரேடியோவிலும் வேன் கிடையாது, அம்மாவின் கதையிலும் அதுவரை வேன் கிடையாது. இரண்டிலும் அவள் டவுன் பஸ்ஸில் போகிறவள். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். சடையில் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"பொம்பளைங்க மட்டும்தான்" என்றாள் அம்மா. "இருட்டறதுக்குள்ள ஊட்டாண்டயே கொண்டாந்து உட்ருவாங்க."

"உம்" என்றார் நைனா. "உடம்புக்கு முடியாத அன்னிக்கு லீவு குடுப்பாங்களா அவளுக்கு?"

"குடுப்பாங்களாம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நைனா கேள்வியாகக் கேட்டார். அந்தப் பெண் பகலெல்லாம் நிற்க வேண்டுமா, உட்காரலாமா. மருந்து நெடி மூக்கில் ஏறாதா. டைப் அடிக்கிற ஆபீசில் மருந்து நெடி எங்கிருந்து வரும் என்று எனக்கு ஒரே குழப்பம். அம்மாவும் சளைக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நைனா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. மாசம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அத்தை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னாமா, பேரு குடுக்கட்டா, வேணாமா? நாளைக்குக் கேப்பாங்க" என்று குரல் கொடுத்தாள். "சொல்றேங்கா" என்று அம்மா சொன்ன குரலில் சத்தே இல்லை.

வெள்ளிக்கிழமை, நாடகத்துக்குக் கடைசி நாள். நைனா தூங்கி எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் புது பேட்டரிக் கட்டைகள். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணாந்தேதி வாங்கிக்கலாம்னு..." என்றாள்.

"கடைசி நாளாமே. கேக்கலாம் குந்து" என்றார் நைனா.

போட்டார், திருகினார். கரகரவென்று வந்து தெளிந்தது. அம்மா அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நைனா வழக்கம்போல் பெட்டியை மடியில் வைத்துக் காதைச் சாய்த்துக்கொண்டார். நான் நடுவில்.

ரேடியோவில் அந்த மனைவி அழுதுகொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டு வந்து கணவன் காலில் விழுந்தாள். படி தாண்டியது என் தப்புத்தான், என்னை மன்னித்துவிடுங்கள் என்றாள். மாமியார் இருமலை நிறுத்திவிட்டு, இப்போதுதான் இது குடும்பம் என்று ஆசீர்வாதம் பண்ணினாள். வயலின் அழ ஆரம்பித்தது. அம்மாவின் முதுகு அசையவே இல்லை. அரிசி கொதித்து மூடி ஆடியது, அதைக்கூட அவள் எடுக்கவில்லை. கணவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பதில் சொல்லப் போனான்.

நைனா டக்கென்று திருகி நிறுத்திவிட்டார்.

"நைனா! இன்னும் முடியல!" என்று நான் கத்தினேன்.

"இவனுங்களுக்குக் கதை சொல்லவே தெர்ல" என்றார் நைனா. பெட்டியைத் தூக்கித் தள்ளி வைத்தார். "நீ சொல்லுமே."

அம்மா மெல்லத் திரும்பினாள்.

"இன்னா சொல்ல?"

"இத்தினி நாளு சொன்னியே, அந்தக் கதையத்தான். கடைசில இன்னா ஆச்சு? அவ வேலைய உட்டுட்டாளா?"

"இல்ல. போய்க்கினுதான் இருந்தா."

"புருஷன் இன்னா சொன்னான்?"

அம்மா அவரை நேராகப் பார்த்தாள். "அவன்தான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

நைனா பிடரியைச் சொறிந்துகொண்டார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

"போய்ட்டு வான்னு சொன்னான்" என்றார்.

"அவன் இன்னா பண்ணான்?" என்றாள் அம்மா. "யார்டுக்கு மாத்திக்கினானா?"

"மாத்திக்கினான், மாத்திக்கினான்" என்று நைனா சிரித்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அவன் கிளார்க்கு! அவனுக்கு ஏது யார்டு? இதெல்லாம் ரேடியோல வரவே இல்ல!" என்று காலை உதைத்துக்கொண்டு அழுதேன். நல்ல கதையை இரண்டு பேரும் சேர்ந்து பாழாக்குகிறார்களே என்றிருந்தது. யாரும் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை.

அம்மா அந்தக் கம்பெனிக்கு எத்தனையோ வருஷம் போய் வந்தாள். நான் கல்லூரி வாசலை மிதித்தது அந்தச் சம்பளத்தில்தான். நைனா யார்டில் கம்பி கட்டினார். முதல் வாரம் மில்லில் எல்லோரும் கேலி பண்ணினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். அவர் என் கல்யாணத்தில் நின்று, என் பிள்ளைகளைத் தோளில் தூக்கி, இன்றைக்கும் திருவள்ளூரில் என் வீட்டில் செய்தியைச் சத்தமாக வைத்து அக்கம்பக்கத்தாரைத் தொல்லை பண்ணிக்கொண்டிருக்கிறார். காது இன்னும் மோசம். அம்மாவுக்கு முட்டிவலி, வாய் மட்டும் குறையவில்லை. இந்த இரண்டு பேரும் இன்னும் எனக்கு மிச்சமிருப்பதற்கு யாருக்கு நன்றி சொல்வது? அந்த நாடகத்தை எழுதின மனிதர் யாரோ எவரோ. ஒன்றை நினைத்து அவர் எழுதினார். எங்கள் லைனில் ஒருத்தி அதற்கு நேர்மாறாகப் பயன்படுத்திக்கொண்டாள். அவருக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது நைனா கொதித்து வழிந்த சோற்றை அவரே இறக்கிக்கொண்டிருந்தார். அம்மா சுவர் ஓரமாக உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். கதையைக் கெடுத்தது அவள், நியாயமாக அழ வேண்டியது நான். அவள் விருப்பப்படியே எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும் இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கொஞ்சமும் புரியவில்லை.